துவைத்துத் திருப்பித் தந்த துணி

மக்கா,

எந்தக் கடிதத்தையும் ஸ்தோத்திரம் எழுதித்தான் தொடங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இன்று அதை வாயால் சொல்லிவிட்டேன், கை எழுத மாட்டேன் என்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குக் கோபம். கோபத்தோடு எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். உண்மையிலேயே ஆறியிருக்கிறதா என்று நீதான் வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கல்யாணம் முடிந்ததும் நீயும் இங்கேயே வந்துவிடு அம்மா. நம்முடைய நாடு இங்கே ஆகிவிட்டது. அந்த அந்நிய நாட்டில் இனி எதற்குத் தனியாகக் கிடக்கிறாய்?" என்று எழுதியிருக்கிறாய். தமிழ் வாத்தியார் ஆனதிலிருந்து உனக்கு வார்த்தை நன்றாகத்தான் வருகிறது. நீ பிறந்த அதே அறையில் உட்கார்ந்துதான் அதை வாசித்தேன். வெளியே பக்கத்து வீட்டுப் பாரு தன் கோழியை நம் முற்றத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்தாள். நீ பிறந்த கையோடு எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் கிடந்தபோது, தன் பிள்ளையை ஒரு பக்கமும் உன்னை ஒரு பக்கமும் போட்டுப் பால் கொடுத்தாளே, அதே பாரு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மோன் எந்தா எழுதியிரிக்குன்னது?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? "சுகமாக்கும். கல்யாணத்துக்கு உன்னை முதல் ஆளா வரச் சொல்லி எழுதியிருக்கான்" என்று பொய் சொன்னேன். பொய் சொன்னதற்காக உன்னை அடித்து வளர்த்தவள் நான். உன் புண்ணியத்தில் இந்த வயதில் நானே சொல்ல வேண்டி வந்தது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். பெண்ணை நம் ஊருக்குக் கூட்டி வருவது சிரமம், எல்லைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், ஆகவே கோயிலிலிருந்து நேரே உன் வாடகை வீட்டுக்கே போய்விடுவீர்கள், பாலும் பழமும் அங்கேயே கொடுத்துக்கொள்ளலாம் என்று. மக்கா, நம் வகையறாவில் எந்தப் பெண்ணும் கல்யாணத்தன்று முதலில் மிதித்தது மாப்பிள்ளை பிறந்த வீட்டு வாசலைத்தான். நானும் அப்படி வந்தவள்தான். மழையில், சேற்றில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு இந்த ஊருக்கும் உன் அத்தை ஊருக்கும் நடுவில் வயலும் தண்ணீர் ஓடுகிற தோடும்தான் இருந்தன. இப்போது வயலும் தோடும் அப்படியே இருக்கின்றன, நடுவில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருக்கிறார்கள். அந்த மூங்கிலைத் தாண்டி உன் மனைவியைக் கூட்டி வர உனக்குச் சிரமமாக இருக்கிறது.

நான் சரியாகப் பதில் எழுதாததற்கு லில்லியைப் பிடிக்கவில்லை என்று நீயே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாய். லில்லி உன் அத்தை மகள், முறைப்பெண். அவள் பிறந்தபோது முதலில் தூக்கியவள் நான். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் குறை வேறு இடத்தில். அதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, சொல்லாமலே போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். உன் அந்நிய நாடு என்னைச் சொல்ல வைத்துவிட்டது.

நம் வேதக்கோயில் தையல் சங்கத்தின் பூப்படம் உனக்கு ஞாபகம் இருக்கும். மிஷன் அம்மாமார் தையல் சொல்லிக் கொடுத்த காலத்திலிருந்தே, ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் வீட்டுக்கு ஒரு சதுரத் துண்டில் பூ போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, கோயிலின் முன்சுவரில் தொங்கவிடுவோம். அதற்கு ஒரு முறை உண்டு. உன் துண்டை நீயே இணைக்கக் கூடாது. உன் பக்கத்துத் துண்டுக்காரிதான் இணைக்க வேண்டும். சண்டை போட்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் பண்டிகைக்கு முன்னால் பேசித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அதுபோலவே, துண்டு பழசாகிப் பிரிக்க வேண்டி வந்தால், இணைத்தவள்தான் பிரிக்க வேண்டும். வேறொருத்தி கத்திரியை எடுத்தால் கூடியிருக்கிற அத்தனை பேரும் கத்துவார்கள். யார் இதை ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இங்கே வாழ வந்தபோதே இப்படித்தான் இருந்தது.

தமிழ் பேசுகிறவர்கள் உள்ள தாலுகாக்களை எல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த வருடங்களில், ஊர்வலத்தில் முன்னால் பிடித்துக்கொண்டு போக ஒரு துணி வேண்டும் என்று உன் அத்தை ஊர்ப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. கொடி ஆளுக்கு ஆள் பிடிக்கிறான், நமக்குத் துணியில் நாடே வேண்டும் என்று உன் அத்தை தங்கம்தான் சொன்னாள். ஊருக்கு ஒரு துண்டு, பூப்படம் மாதிரி, எந்த ஊர் எந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அப்படியே இணைப்பது. இந்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கோட்டுகாலிலிருந்து கட்டுமரம் போட்ட துண்டு வந்தது. வெள்ளறடைக்காரிகள் மலையைத் தைத்து அனுப்பினார்கள், ஆரியங்கோட்டிலிருந்து நல்லமிளகுக் கொடி. உன் அத்தை ஊருக்குப் பனை. பனை இல்லாமல் அவர்களுக்கு என்ன இருக்கிறது!

நம் ஊருக்கு என்ன போடுவது என்பதில்தான் பெரிய வழக்கு. நாங்கள் கோயில் கோபுரத்தின் சிலுவை என்றோம். அந்தப் பெண்கள் சிவன் கோயில் என்றார்கள். இருந்த ஒற்றுமை ஒரு மத்தியானத்தில் போய்விடும் போலிருந்தது. பாரு வெற்றிலையை மென்றுகொண்டு ஓரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த நாட்டுப் பிரச்சினையில் ஒன்றும் இல்லை, நான் போகிற இடத்துக்கு அவளும் வருவாள், அவ்வளவுதான். "மரச்சீனி இடு" என்றாள், மரவள்ளிக் கிழங்கைத்தான். எல்லாரும் சிரித்தோம். "நம்ம ஊருக்கு அடையாளம் கெழங்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "பின்னே? யுத்தக் காலத்து அரி கிட்டாத்தப்போ நினக்குச் சோறு தந்தது பள்ளியோ அம்பலமோ? கிழங்கல்லே?" என்றாள் பாரு. யுத்தகாலத்தில் சோறு போட்டது நம் கோயிலும் இல்லை, சிவன் கோயிலும் இல்லை; அரிசி இல்லாமல் எல்லா வீட்டிலும் கிழங்கு தின்றுதான் பிழைத்தோம், அதில் சாதி மதம் எதுவும் கிடையாது. கிழங்கிலையே போடுவதென்று முடிவாயிற்று. அந்தக் கிழங்கிலையை விரல் விரலாக, நரம்பு நரம்பாகப் பச்சை நூலில் தைத்தவளும் அவள்தான். எங்களில் யாருக்கும் அந்த இலையின் காம்பு வளைவு வரவில்லை. தமிழர் நாட்டுப் படத்தில் நம் ஊர்த் துண்டைத் தைத்தது ஒரு மலையாளத்தி. ஊர்வலத்தில் முழங்கினவர்களுக்கு அது தெரியாது. தெரிந்த நாங்கள் மறைத்ததும் இல்லை, யாரும் கேட்கவில்லை.

நம் துண்டுக்குப் பக்கத்துத் துண்டு உன் அத்தையுடையது. ஆகவே இணைக்க அவள் வந்தாள். நம் வீட்டிலேயே தங்கி, உன் அப்பா வேலை முடிந்து வருகிற வரைக்கும் தைத்துக்கொண்டிருப்பாள். இரட்டைத் தையல் போட்டாள். "ஒற்றைத் தையல் போதாதா பிள்ளே?" என்று கேட்டேன். "எங்க அண்ணன் ஊரு மைனி. இத்துப் போகப் பாத்துட்டு இருப்பேனா?" என்றாள். உன் அப்பா சாந்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து துணியைப் பார்ப்பார். கொத்தனாரில்லையா, ஓரம் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பார். "கோணலாக்கும்" என்று வேண்டுமென்றே சொல்லுவார். தங்கம் ஊசியைக் காட்டி அவரைக் குத்த வருவாள். இந்த வீட்டில் கடைசியாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

உன் அப்பா ஏன் இதில் இறங்கினார் என்று நீ மேடையில் பல காரணம் சொன்னாய். அவர் சொன்ன காரணத்தை நான் சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை எடுத்துவிட்டு உங்களை எல்லாம் மலையாள வகுப்பில் கொண்டு உட்கார வைத்தார்களே, அன்று ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை. "எனக்கு எழுத்து வராது. பேரு போடச் சொன்னா கைநாட்டு வைக்குதேன். எம் மவனுக்கு எங்க அம்ம பேசின பேச்சு எழுத வரணும். அதுதான் எனக்கு நாடு. வேற நாடு கீடு ஒண்ணும் எனக்கு அறியாது" என்றார். மலையாளத்தின் மேல் அவருக்கு எந்தப் பகையும் கிடையாது. கூலி கேட்டதும் மலையாளத்தில்தான், பாரு வீட்டுக்காரரோடு சீட்டாடியதும் மலையாளத்தில்தான். பகையை வைத்து ஒருவன் நாட்டைக் கேட்டால் அந்த நாடு கிடைத்த பிறகும் அவனுக்குப் பகைக்கு ஆள் வேண்டியிருக்கும். உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருந்த புத்தி இதுதான், சரியான இடத்தில் வந்து விழுந்திருக்கிறது.

ஊர்வலம் உன் அத்தை ஊர்ச் சந்தைக்குப் போனது. துணியின் ஒரு பக்கத்துக் கம்பை அவர் பிடித்திருந்தார், நம் ஊர்த் துண்டு வருகிற பக்கம். போலீஸ் முதலில் தடியால் அடித்ததாம், அப்புறம் சுட்டதாம். நீ அன்று திருவனந்தபுரத்தில் பரீட்சைக்குப் போயிருந்தாய். நானும் அங்கே இல்லை, ஆகவே பார்த்ததுபோல் எழுத மாட்டேன். அவர் துணியின் மேல் விழுந்தார் என்று சொன்னார்கள். ஆட்கள் சிதறி ஓடியபோது தங்கம் ஓடவில்லை. அண்ணனை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கத்தியவள் அவள். சாயங்காலம் கட்டை வண்டியில் அவரைக் கொண்டு வந்து இந்த முற்றத்தில் இறக்கினார்கள். துணியை அவளுடைய ஊர்ப் பெண்கள் சுருட்டிக்கொண்டு போய், போலீஸ் தேடி வருமென்று வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார்கள்.

கைது பயத்தில் நம் ஆட்கள் பாதிப்பேர் அன்று வீட்டுப் பக்கம் வரவில்லை. கோயிலிலிருந்து வந்தவர்களும் வாசலோடு நின்றார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள். பாரு மட்டும் தண்ணீர் கொண்டுவந்தாள். நாட்டைப் பிரிக்கப் போனவன் வீட்டில் உனக்கென்ன வேலை என்று அவள் மைத்துனன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டான். "எடா, மரிச்சவனு எந்து நாடா?" என்றாள். செத்தவனுக்கு ஏதடா நாடு என்று. அவன் வேலியை விட்டுப் போனான். அவளும் நானுமாகத்தான் அவரைக் குளிப்பாட்டினோம். மறுநாள் நீ வந்து சேர்ந்தபோது அவர் வெள்ளை வேட்டியில் சுத்தமாகக் கிடந்தார். நீ பார்த்தது அதைத்தான்.

பிறகு கோடு போட்டார்கள். நாலு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாம் இந்த மலையாளப் பக்கமே நின்றுவிட்டோம். வானொலியில் கேட்டுவிட்டு வந்து சொன்னவன் முகத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்திருந்தது, பாவம், அவன் மனைவி ஊர் அந்தப் பக்கம். நான் அழவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கும், பெரியவர்கள் பேசிச் சரி செய்வார்கள் என்று நினைத்தேன். என்னுடைய பேதைமை அது. நமக்காகப் பேசுவார்கள் என்று நினைத்த பெரியவர்கள் அந்தப் பக்கம் மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை ஊரில் வெற்றிக் கூட்டம் வைத்தார்களே, நீ என்னை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போன கூட்டம். இறந்தவர்களின் குடும்பத்துக்கு மரியாதை செய்கிறார்கள் என்று சொன்னாய். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பின்னால் அந்தத் துணியைக் கட்டியிருந்தார்கள். நான் அதை அவர் போன பிறகு பார்க்கவில்லை. கண் முதலில் கிழங்கிலையைத்தான் தேடியது. பனை இருந்தது. பனைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. கட்டுமரம் இல்லை, மலை இல்லை, மிளகுக் கொடி இல்லை. ஓரத்தை அழகாக மடித்துப் புதிதாகத் தைத்திருந்தார்கள். நம்மை எடுத்துவிட்டு மடித்துத் தைத்திருந்தார்கள், மக்கா. ஏதோ அதுதான் முதலிலிருந்தே துணியின் ஓரம் என்பது போல.

அப்போது நீ பேச எழுந்தாய். "என் தகப்பன் ரத்தம் சிந்திய மண் இன்று நம் மண்ணாகிவிட்டது" என்றாய். கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் "உங்க மவனா? நல்லா பேசுதானே" என்று என் கையைப் பிடித்தாள். நான் உன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திரும்ப மாட்டாயா, நம் ஊர் எங்கே என்று கேட்க மாட்டாயா என்று. நீ திரும்பவே இல்லை. வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்லவில்லை. பேசுகிறவன் முன்னால் இருக்கிற கூட்டத்தைத்தான் பார்ப்பான். ஆனால் அன்று முதல் உன் பேச்சை எவராவது புகழ்ந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கூட்டம் கலைந்ததும் தங்கம் என்னைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டாள். ஒரு பனையோலைப் பெட்டியைக் கையில் தந்தாள். திறந்தேன். நம் பக்கத்துத் துண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தபடியே மடிந்து கிடந்தன, மேலே நம் ஊர்த் துண்டு, அதற்கு மேல் ஒரு வட்டுக் கருப்பட்டி.

"கமிட்டி செயலாளருதான் சொன்னாரு மைனி. பெரிய ஆபீசர்மாரு வருவாங்க, கெடைக்காத ஊரையும் வச்சுத் தொங்கவிட்டா இன்னும் வழக்கு தீரல்லேன்னு நெனப்பாங்கன்னு. கத்திரி கொண்டு வந்தாங்க. நான் விடல்ல. நான் இணைச்சது, நானே பிரிச்சேன். ஒரு நூலு கூட அறுக்கல்ல, பாத்துக்கிடுங்க" என்றாள்.

அவள் உண்மையைத்தான் சொன்னாள். அந்த இரட்டைத் தையலை நூல் அறாமல் பிரிப்பதென்றால் எவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் துண்டை விரித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. இலையின் பச்சை நூல் சாயம் கரைந்து வெளிறிப் போயிருந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தேன், சவக்காரத்தின் மணம். என் வீட்டுக்காரர் விழுந்து கிடந்த துணி மக்கா அது. அந்த ஊரில் அவருடையதாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"நனச்சியா தங்கம்?" என்று கேட்டேன்.

"பின்னே, அழுக்கோட எப்படி மைனி தரது? மூணு தண்ணி மாத்தி, கஞ்சி போட்டு, வெயில்ல காயவச்சேன்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் அப்படியே மாறிப்போயிற்று.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரத்தையோ துணியையோ திருப்பிக் கொடுக்கும்போது கழுவாமல் கொடுக்கக் கூடாது, வெறுமையாகவும் கொடுக்கக் கூடாது. நானும் அவளும் அப்படித்தான் வளர்ந்தோம், நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். அந்த மரியாதையை அவள் தவறாமல் செய்தாள். தன் கூடப்பிறந்தவனின் ரத்தத்தைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவி, கஞ்சி போட்டு, மேலே கருப்பட்டி வைத்துத் தந்தாள். கழுவுகிறபோது அவள் அழுதிருப்பாள், அது நிச்சயம். என்ன செய்கிறோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. வேறு எந்த நாட்டுக்காரியாவது இப்படி ஒரு தவறு செய்வாளா? நம் பெண்களால்தான் முடியும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு நாக்கு நிற்கவில்லை. "எங்க ஊரையும் உன் அண்ணனையும் துவச்சு, மடிச்சு, இனிப்பு வச்சு அனுப்பிட்டியே. இனி ஒரு பாக்கியும் இல்ல இல்லியா?" என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். லில்லி அடுக்களையிலிருந்து ஓடி வந்து அவளைப் பிடித்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ யாரோடோ பேசிக்கொண்டு நின்றாய், "அம்மைக்குத் தலைவலி" என்று அத்தை வீட்டிலிருந்து உனக்குச் சொல்லி அனுப்பினதாகப் பிறகு தெரிந்தது.

சாவடியில் போலீஸ்காரன் பஸ்ஸை நிறுத்தி ஏறினான். சின்னப் பையன், புதிதாக உடுப்பு மாட்டியவன். "எந்தா பெட்டியில்?" என்றான். "துணி" என்றேன். "எவிடுத்தெ துணி?" என்று கேட்டான். எங்கிருந்து வருகிற துணி என்று அவனுக்கு எப்படிச் சொல்வேன்? இந்தப் பக்கத்தில் தைத்தது, அந்தப் பக்கத்தில் பிரித்தது, இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதது. கருப்பட்டியை மட்டும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். நல்ல பையன். "அம்மச்சி போய்க்கோ" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பாருவிடம் காட்டினேன். வெளிறிப்போன இலையைத் தடவிப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். உனக்குச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "தங்கத்தினோடு மிண்டாதிரிக்கருது" என்றாள். தங்கத்தோடு பேசாமல் இருந்துவிடாதே, கோடு போட்டவர்களுக்கு அது லாபம், உனக்கு நஷ்டம் என்று சொன்னாள். அவள் சொன்னது சரி. ஆனாலும் நான் பேசவில்லை, இன்று வரைக்கும். மனதுக்குத் தெரிகிறதைச் செய்ய உடம்பு வர வேண்டுமே.

ஆகவே கேட்டுக்கொள். லில்லியைக் கட்டிக்கொள், எனக்குப் பூரண சம்மதம். இந்தக் கதையை அவளிடம் என்றைக்காவது சண்டையில் எடுத்து வீசாதே. உன் அம்மை என் அப்பாவைக் கழுவினாள் என்று ஒரு கோபத்தில் சொல்லிவிடலாம், பிறகு அந்த வார்த்தை உங்கள் வீட்டில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடும். மாமியாரை மதி. அண்ணனை மடியில் வைத்துக் கத்தியவள் அவள், நானோ நீயோ இல்லை. மேடையில் உன் அப்பாவைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் குறை. அவர் கைநாட்டு வைக்கிற மனிதர் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தைரியம் வரும்போது பேசு.

நான் அங்கே குடிவர மாட்டேன். பிடிவாதம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். உன் அப்பா இந்தக் கோயில் கல்லறையில் கிடக்கிறார், அவரைத் தூக்கி மூங்கிலுக்கு அந்தப் பக்கம் வைக்க எந்தக் கமிட்டியும் வரப்போவதில்லை. அவர் கேட்ட தமிழ் வகுப்பு இப்போது திரும்ப நடக்கிறது, தெரியுமா? பிள்ளைகள் உண்டு. வாத்தியார் நிலைக்கிறதில்லை. படித்த பையன்கள் எல்லாம் நம் நாடு அங்கே என்று போய்விடுகிறார்கள், உன்னைப் போல. போனதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, வேலை கிடைத்த இடத்துக்குத்தான் மனிதன் போக வேண்டும். ஆனால் போகிறவன் பின்னால் இருப்பதை அந்நியம் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. இங்கே இருக்கிற நாங்கள் யார், கோட்டுக்கு வெளியே சிந்திய அரிசியா? நான் தமிழ் பேசிக்கொண்டு, பாருவிடம் மலையாளம் பேசிக்கொண்டு, இந்த வீட்டிலேயே இருந்து சாகிறேன். எனக்கு இது நாடா இல்லையா என்று எவரும் தாள் போட்டு எழுதித் தர வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கல்யாண ஆராதனை முடிந்ததும் லில்லியைக் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வா. சாவடியில் நிறுத்தினால் இறங்கி நில்லுங்கள், பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள், கல்யாணச் சேலையைப் பார்த்து அவர்களுக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும். அவள் இந்த வாசலை மிதிக்கட்டும். பால் கொடுக்க பாரு நிற்பாள், சொல்லிவிட்டேன். தங்கத்தையும் கூட்டி வா. அந்தப் பெட்டியைத் தந்த நாளுக்குப் பிறகு அவள் அண்ணன் கல்லறைக்கு வரவில்லை, என்னால்தான் வரவில்லை. அவளை உள்ளே வா என்று சொல்ல என்னால் முடியுமா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அவள் வந்து எதிரில் நின்றால் முடியும் என்று நினைக்கிறேன். அதன் பிறகு நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

வர முடியாது என்றால் அதையும் எழுதிவிடு. நான் வருத்தப்பட்டாலும் கோயிலுக்கு வந்து, உங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பிவிடுவேன். பார்ப்போம் என்றோ, முடிந்தால் வருகிறோம் என்றோ மட்டும் எழுதாதே. உன் அப்பா ஊர்வலத்துக்குப் புறப்பட்டபோது, "இருட்டுக்கு முன்னே வாறேன், கெழங்கை அவிச்சு வையி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அவித்து வைத்துவிட்டு வாசலில் நின்றேன். இன்னொரு தரம் அப்படி நிற்க என்னால் ஆகாது மக்கா.

உன் அம்மா